வண்டி யாருக்கு வரும்? பழவேற்காட்டுக் கரையில் புயலும் வெளியேற்றமும்



2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. மழை வலுக்கும் முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசையாக ஏறி நின்றுவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல்போல மிதந்து போனதை எல்லோரும் பார்த்திருந்தோம். மாதத் தவணை கட்டி வாங்கிய வண்டியைக் காப்பாற்ற நினைத்தவர்களைக் குறை சொல்ல நாம் இங்கே கூடவில்லை. ஆனால் அந்தப் படம் நம் முன் ஒரு கேள்வியை வைத்தது. புயலுக்கு முன்பு மேட்டுக்குப் போய்ச் சேர ஒரு வண்டிக்குக் கிடைத்த வழி, ஒரு மனிதருக்குக் கிடைக்கிறதா? கிடைக்கிறது என்றால் எந்த மனிதருக்கு?

இந்தக் கேள்வியோடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தள்ளிப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குப் போவோம். புயல் வரலாறு என்றால் காற்றின் வேகம், கரையைக் கடந்த இடம், இறந்தவர் எண்ணிக்கை, நிவாரணத் தொகை ஆகியவற்றோடு முடித்துவிடுகிறார்கள். வெளியேற்றம் என்பது அதில் ஒரு வரி: 'தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்'. யார் அழைத்தார், எதில் ஏற்றினார், எங்கே இறக்கினார், யார் ஏற மறுத்தார், ஏன் மறுத்தார் என்று அந்த வரி சொல்வதில்லை. அந்த ஒரு வரியைப் பிரித்துப் படிப்பதுதான் இந்த உரையின் வேலை.

ஆட்களை ஏற்றிச் சென்ற துறைமுகம்

பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனை மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் வருகிறது. ஆரணி ஆறு தெற்கே வந்து கலக்கிறது. பக்கிங்காம் கால்வாய் ஊடே ஓடுகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவும், அதற்குத் தெற்கே மணல்திட்டும் நிற்கின்றன. அந்த மணல்திட்டில்தான் லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், வைரவன்குப்பம் போன்ற ஊர்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. புயல் வந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறும்.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் டச்சுக்காரரிடமிருந்து தொடங்குவார்கள். 1613இல் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டை, சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம், துணி வணிகம், வெடிமருந்து ஆலை, சிற்பம் செதுக்கிய கல்லறைகள் என்று அந்த வரலாறு சுற்றுலாக் கையேடு வரை வந்துவிட்டது. அதே கம்பெனி இதே துறையிலிருந்து மனிதர்களையும் ஏற்றுமதி செய்தது. 17ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் இந்தக் கரையில் விலைக்கு வாங்கப்பட்ட ஆட்கள் பத்தாவியாவுக்கும் மற்ற டச்சுக் குடியேற்றங்களுக்கும் அடிமைகளாக அனுப்பப்பட்டார்கள். பஞ்சத்தில் முதலில் விற்கப்படுகிறவர்கள் யாராக இருப்பார்கள் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. நிலம் இல்லாதவர், கடன்பட்டவர், பிறப்பாலேயே பிறருக்கு உழைக்கக் கடமைப்பட்டவராக வைக்கப்பட்டவர்.

இதை நினைவூட்டக் காரணம் உண்டு. ஆட்களை ஒரு கரையிலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவது இந்த ஊருக்குப் புதிதல்ல. அதற்கான கப்பலும் கணக்கும் காவலும் 400 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்தன. உழைப்பை விற்பதற்காக என்றால் வண்டி வரும். உயிரைக் காப்பதற்காக என்றால் அது எப்போது வரத் தொடங்கியது என்று பார்ப்போம்.

கூண்டு ஏறியது கப்பலுக்காக

புயல் காலத்தில் நாளிதழைத் திறந்தால் 'எண்ணூர் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்ற செய்தி கட்டாயம் இருக்கும். சிறுவயதிலிருந்து கேட்ட சொல் என்பதால் கூண்டு நமக்காகத்தான் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். 1864 அக்டோபரில் கல்கத்தாவையும் அடுத்த மாதம் மசூலிப்பட்டினத்தையும் இரண்டு பெரும் புயல்கள் தாக்கின. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் சரக்கும் பெருமளவில் அழிந்தன. அதன் பிறகு 1865இல் கல்கத்தா துறைமுகத்தில் எச்சரிக்கைச் சின்னம் ஏற்றும் முறை வந்தது. பிறகு மற்ற துறைமுகங்களுக்கும் பரவியது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. அந்தக் கூண்டின் எண்கள் மாலுமிகளுக்கான மொழி. துறைமுகத்தில் நிற்பதா, ஆழ்கடலுக்குப் போய்விடுவதா என்று கப்பல் தலைவன் முடிவெடுக்க உதவும் மொழி. கரையில் ஓலைக் குடிசையில் இருப்பவர் எங்கே போவது என்று அது சொல்லவில்லை. அவர் அந்த முறையின் வாசகராகவே கருதப்படவில்லை.

கரையில் இருந்தவருக்குச் செய்தி எப்படி வந்தது? தண்டோரா வழியாக. பறையடித்து அரசு அறிவிப்பைத் தெருத்தெருவாகச் சொன்னவர் யார் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டாம். வெள்ளம் வருகிறது, வரி கட்டு, ஏலம் நடக்கிறது என்று ஊருக்கெல்லாம் அறிவித்தவர் சேரியிலிருந்து வந்தவர். எச்சரிக்கையைச் சுமந்து செல்லும் வேலை அவருக்கு. எச்சரிக்கை கேட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்குள் போகும் உரிமை ஊருக்கு. 2022 ஆகஸ்டில்தான் தமிழ்நாடு அரசு தண்டோரா முறையைக் கைவிடச் சொன்னது. இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறார்கள், கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். வேலை மாறியது நல்லது. ஆனால் அந்த ஆட்டோ தார்ச்சாலை முடியும் இடத்தில் திரும்பிவிட்டால், அதற்கு அப்பால் இருக்கிற காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் யார் சொல்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஏரிக்கு அந்தப் பக்கம் இன்னொரு காட்சி. 1971இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. ஏவுதளத்துக்காக அந்தத் தீவு எடுத்துக்கொள்ளப்பட்டபோது அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் தங்கள் காட்டையும் கழியையும் இழந்தார்கள். இன்று புயலைக் கண்காணிக்கும் வானிலைச் செயற்கைக்கோள்கள் அங்கிருந்துதான் ஏறுகின்றன. 2016 செப்டம்பர் 8இல் இன்சாட்-3டிஆர் ஏறியது. மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்ற அறிவிப்பு பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு முன்கூட்டியே வந்துவிடும். அரசு நினைத்தால் ஒரு கட்டளையைக் கடைசிப் படகு வரை கொண்டுபோக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ராக்கெட்டுக்காகக் கடலைக் காலி செய்யத் தெரிந்த நிர்வாகம், மக்களுக்காகக் கரையைக் காலி செய்யும்போது மட்டும் தடுமாறுவது ஏன்?

போகாதவர்கள் ஏன் போகவில்லை

'எச்சரித்தும் மக்கள் வரவில்லை' என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்வது. மக்களின் அறியாமை, பிடிவாதம் என்று செய்திகளும் எழுதும். நாம் இதை நிலத்தின் பக்கமிருந்து பார்க்க வேண்டும்.

பொன்னேரி வட்டம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல்தான் திருவள்ளூர் தனி மாவட்டமானது. அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்தின் வரலாறு பேசும்போதெல்லாம் நாம் எடுத்துக்காட்டும் அறிக்கை அது. அதில் விளைநிலம் இல்லாமை மட்டும் பேசப்படவில்லை. குடியிருக்கும் மனையே மக்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் குடிசையைவிட்டு வெளியேற்றலாம் என்ற நிலையும் பேசப்பட்டது. 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலங்கள் பின்னர் யார் கைக்குப் போயின என்பது வேறு உரைக்கான பொருள்.

மனை சொந்தமில்லாதவருக்கு வெளியேறுதல் என்ற சொல்லின் பொருளே வேறு. பட்டா வைத்திருப்பவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது வீடு இடிந்திருந்தாலும் மனை இருக்கும். புறம்போக்கில், கால்வாய்க் கரையில், ஏரி ஓரத்தில் குடிசை போட்டவர் போனால் திரும்பி வரும்போது இடமே இல்லாமல் போகலாம். 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்று அதே துறை அடுத்த மாதம் அறிக்கை ஒட்டலாம். இருளர் குடியிருப்புகள் பல இப்படித்தான் பட்டா இல்லாமல் நிற்கின்றன. ஒருமுறை காலி செய்தால் அது நிரந்தரக் காலியாகிவிடும் என்ற அச்சம் அறியாமை அல்ல. அனுபவத்திலிருந்து வந்த கணக்கு.

பொருளும் அப்படித்தான். நகரத்தில் உள்ளவரின் சேமிப்பு வங்கியில் இருக்கிறது. கரையில் உள்ளவரின் சேமிப்பு நாலு ஆடு, கோழி, ஒரு வலை, தவணையில் வாங்கிய எஞ்சின். அதை ஏற்ற வண்டியில் இடமில்லை என்றால் ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் அனுப்பிவிட்டு ஆண்கள் தங்கிவிடுவது இதனால்தான். ஆட்டுக்கும் சேர்த்து ஒரு குட்டியானை வண்டி அனுப்பினால் ஆளும் வருவார். இது மானுடவியல் புதிர் அல்ல.

ஏரியில் யார் மீனவர்

பழவேற்காட்டைப் பேசும்போது இன்னொரு உண்மையை மறைக்க முடியாது. இங்கே 'மீனவர்' என்ற சொல்லுக்குள் எல்லோரும் இல்லை. ஏரியில் பாடு என்ற மரபு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களுக்கு இந்த உரிமை இருந்து வந்தது. ஒருவருக்கு இன்று நல்ல இடம் கிடைத்தால் நாளை இன்னொருவருக்கு. பணக்காரர், ஏழை பார்க்காது. ஏரியின் வளத்தையும் அது காத்தது. ஆய்வாளர்கள் இதைப் புகழ்ந்தது நியாயமே. ஆனால் அந்தச் சீட்டில் பெயர் சேர்க்கும் தகுதி பிறப்பால் வருவது. ஏரியையே நம்பிப் பிழைக்கிற தலித் மக்களும் இருளரும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே சமத்துவம், வெளியே மதில் என்பதுதான் அதன் அமைப்பு. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிற இருளப் பெண்ணுக்குப் படகு இல்லை, பாடு இல்லை.

பட்டினவரை எதிரியாக நிறுத்த இதைச் சொல்லவில்லை. துறைமுகமும் அனல்மின் நிலையமும் வந்து வடசென்னைக் கடற்கரையைத் தின்னும்போது அவர்களும் இழக்கிறார்கள். ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் எல்லோருடைய அடுப்பும் அணைகிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிராகக் குப்பங்கள் நின்றபோது அது நமக்கும் சேர்ந்த போராட்டமே. ஆனால் பேரிடர் வரும்போது இந்தப் பட்டியல் வேறுபாடு உயிர் வேறுபாடாக மாறுகிறது. புயலுக்கு முன் மீன்வளத் துறை பதிவு செய்த படகுகளைக் கணக்கெடுக்கிறது, குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் பேசுகிறது. படகு இல்லாதவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. புயலுக்குப் பின் சேதமான படகுக்கும் வலைக்கும் இழப்பீடு உண்டு. கையால் பிடிப்பவருக்குச் சேதமாக எதுவும் இல்லை என்று எழுதப்படும். பத்து நாள் ஏரியில் இறங்க முடியாமல் போன கூலியை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. மிக்ஜாமுக்குப் பின் அரசு அறிவித்த 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. குடும்ப அட்டை இல்லாத வீடு அந்த வரிசையில் எங்கே நிற்கும்?

வண்டியும் பாலமும்

சாதியும் வாகனமும் பற்றிப் பேச நமக்குப் பாபாசாகேப்பைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 1901இல், சிறுவனாக, தந்தையைப் பார்க்கப் போகும் வழியில் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது அவர் மஹார் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். 1929இல், தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்கும் அரசுக் குழுவின் உறுப்பினராகச் சாளிஸ்காவ் போனபோதும் குதிரைவண்டிக்காரர்கள் அவரை வைத்து ஓட்ட மறுத்தார்கள். பழக்கமில்லாத ஒருவர் ஓட்டிய வண்டி சிறுபாலத்தில் கவிழ்ந்து அம்பேத்கரின் கால் முறிந்தது. வண்டி இருந்தது, பாதை இருந்தது, கையில் காசும் இருந்தது. ஏற்றுகிறவரின் மனம் இல்லை. அவர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த இரண்டு பயணங்களையும் எழுதி வைத்தது தற்செயல் அல்ல.

கடல் கடந்தும் இதே பாடம்தான். 2005 ஆகஸ்ட் 28இல், கத்ரீனா சூறாவளிக்கு முதல் நாள், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர மேயர் அனைவரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். நெடுஞ்சாலையின் எல்லாத் தடங்களும் நகருக்கு வெளியே போகும்படி மாற்றப்பட்டன. கார் வைத்திருந்தவர்கள் போனார்கள். மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்களாக இருந்த அந்த நகரில் ஏழைகள், முதியோர், நோயாளிகள், கார் இல்லாதவர்கள் தங்கிவிட்டார்கள். பள்ளிப் பேருந்துகள் பயன்படாமல் தண்ணீரில் மூழ்கி நின்ற படம் உலகமெங்கும் வந்தது. திட்டம் தீட்டியவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் உண்டு என்று எண்ணித் தீட்டினார்கள். வெள்ளம் சூழ்ந்த பிறகு சிலர் நடந்தே மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைக் கடந்து அக்கரையில் இருந்த கிரெட்னா ஊருக்குப் போக முயன்றார்கள். அந்த ஊர்ப் போலீசார் தலைக்கு மேலே சுட்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஊர் எல்லையில் தடுக்கப்படுவது என்றால் என்ன என்று சேரி மக்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

கார் இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரீட்டா சூறாவளிக்கு அஞ்சி ஹூஸ்டன் நகரமே ஒரே நேரத்தில் காரில் கிளம்பியது. சாலை உறைந்தது. வெயிலில், எரிபொருள் தீர்ந்து, மணிக்கணக்கில் நின்றார்கள். முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். சூறாவளி நேரடியாகக் கொன்றதைவிட வெளியேற்றம் அதிகம் பேரைக் கொன்றது. ஆளுக்கொரு கார் என்பது பாதுகாப்புக்கான வழி அல்ல. பொதுப் போக்குவரத்து, முன்னுரிமை வரிசை, பக்கத்திலேயே உறுதியான கட்டடம் என்பதே வழி. இது எங்கே நன்றாகத் தெரிந்தது என்றால் ஒடிசாவில். 1999 பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர் எண்ணிக்கை சில பத்துகளுக்குள் நின்றது. அந்த மக்களிடம் கார் இல்லை. நடந்து போகும் தூரத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் இருந்தன. வீடுவீடாகப் போய் அழைக்கப் பழக்கப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். ஏழை மக்களை அரசு காப்பாற்ற முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பழவேற்காட்டின் மணல்திட்டு ஊர்களுக்குப் பாலம் வருவதற்கு முன்பு படகுதான் வழி. ஏரி கொந்தளிக்கும்போது படகும் ஓடாது. காட்டுப்பள்ளியிலிருந்து கடலோரமாக வரும் சாலை, கடல் சீறும்போது மணல் மூடி அடைபடுகிறது. பாலம் வந்ததால் பேருந்தும் ஆம்புலன்சும் போகின்றன. இது பெரிய மாற்றம். ஆனால் பாலத்தின் முனையிலிருந்து கடைசிக் குடியிருப்பு வரை உள்ள தூரத்தை இரவில், மழையில், கைக்குழந்தையோடு, மாற்றுத்திறனாளியோடு யார் கடப்பது? வெளியேற்றத் திட்டம் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது. அந்தக் கடைசிக் கிலோமீட்டரில்தான் நம் மக்கள் இருக்கிறார்கள்.

கூரைக்குக் கீழே

வண்டி வந்து, ஏறி, இறங்கிய பிறகு முகாம். பள்ளிக்கூடம், திருமண மண்டபம், சமுதாயக் கூடம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்தவற்றை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. தலித் மக்கள் முகாம்களில் சேர்ந்து தங்க விடப்படவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தொடக்கூடாது என்றார்கள். நிவாரணப் பொருள் வழியிலேயே நின்றது. அதே நாட்களில் அழுகிய உடல்களை எடுக்கப் பிற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைக் கொண்டுவர மட்டும் வண்டி தவறாமல் கிடைத்தது. சாவைத் தூக்கும் கையைத் தேடிப் போன வாகனம், உயிரைத் தூக்கச் சேரிக்கு வரவில்லை. சாதி அலையில் அடித்துப்போகும் என்று நம்பியவர்களுக்கு அந்த முகாம்கள் பதில் சொல்லின.

முகாமில் பாகுபாடு நடக்கும் என்று முன்பே தெரிந்தால் மக்கள் எப்படிக் கிளம்புவார்கள்? அவமானப்பட்டு ஒரு இரவு தங்குவதா, குடிசையிலேயே காற்றை எதிர்கொள்வதா என்று ஒரு தாய் தேர்வு செய்ய வேண்டியிருந்தால் அந்தத் தேர்வுக்குப் பொறுப்பு அவளல்ல.

ஆழிப்பேரலைக்கு மறு ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இல் நாம் கையில் எடுக்க வேண்டிய இரண்டு பிரிவுகள் உண்டு. பிரிவு 61, இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. பிரிவு 65, மீட்புக்குத் தேவையான வாகனங்களையும் இடங்களையும் பொருள்களையும் கையகப்படுத்தும் அதிகாரத்தை மாவட்ட நிர்வாகத்துக்குத் தருகிறது. அதற்கு ஈடு கொடுக்கவும் சட்டம் வழி சொல்கிறது. அதாவது, 'வண்டி இல்லை' என்று ஒரு மாவட்ட நிர்வாகம் சொல்ல முடியாது. தொழிற்சாலைப் பேருந்து, கல்லூரிப் பேருந்து, துறைமுகத்துக்குப் போகும் லாரி எல்லாம் வடசென்னை முதல் பொன்னேரி வரை சாலை நிறைய ஓடுகின்றன. சட்டப்படி அவை அனைத்தும் புயல் நாளில் மக்களுடைய வண்டிகள். இதைக் கேட்டுப் பெறும் அமைப்பு நம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

நாம் செய்ய வேண்டியது

இந்த அவையில் மாணவர்கள் அதிகம் இருக்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வருகிறது. அதற்கு முன் செய்ய முடிந்த வேலைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு காலனியிலும் இருளர் குடியிருப்பிலும் எத்தனை வீடு, எத்தனை கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர் எத்தனை பேர், எத்தனை ஆடு, பக்கத்துச் சாலைக்கு எவ்வளவு தூரம், குடும்ப அட்டை இல்லாத வீடு எது என்று நாமே எழுதி, ஒரு பிரதியைத் தாசில்தாரிடம் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். அரசுப் பட்டியலில் இல்லாதவரை நம் பட்டியல் கொண்டுவரும்.

இரண்டாவது, இடம். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் 121 பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் இருப்பதாக ஒவ்வொரு பருவமழையிலும் அரசு அறிவிக்கிறது. அவற்றில் நம் மக்களுக்குரியது எது, சாவி யாரிடம் இருக்கிறது, ஊர்த்தெருவைத் தாண்டாமல் அங்கே போக வழி உண்டா என்று போய்ப் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டுவதாக இருந்தால் சேரிப் பக்கம் கட்டு என்று கேட்க வேண்டும். ஊர் அங்கே வரட்டும்.

மூன்றாவது, பட்டா. பேரிடர்க் கோரிக்கையையும் மனைப்பட்டாக் கோரிக்கையையும் தனித்தனியாக வைத்திருப்பது நம் இயக்கங்களின் பழக்கம். இரண்டும் ஒன்றே. திரும்பி வர இடம் உறுதியானால்தான் மக்கள் தயங்காமல் கிளம்புவார்கள்.

நான்காவது, பதிவு. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரையைக் கடந்த புயலை நினைவில் வைத்திருப்பவர்கள் ஏரிக்கரையில் இன்னும் இருக்கிறார்கள். அன்று எந்தக் கட்டடத்தில் ஒதுங்கினார்கள், யார் கதவைத் திறந்தார், யார் திறக்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். அரசு ஆவணம் காற்றின் வேகத்தைக் குறித்து வைத்திருக்கிறது. கதவு திறந்ததா என்று குறித்து வைக்கவில்லை. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டாம். ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தப் பாட்டிகளிடம் போங்கள். அவர்கள் போன பிறகு எந்தக் காப்பகத்திலும் அது கிடைக்காது.

இந்த நான்கு வேலைகளுக்கும் பெரிய நிதி தேவையில்லை. ஒரு குடியிருப்புக்கு இரண்டு பேர், ஒரு குறிப்பேடு, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். அடுத்த கூண்டு எண்ணூரில் ஏறும்போது, பழவேற்காட்டின் கடைசிக் குடியிருப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை வண்டி வேண்டும் என்ற எண் நம் கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணோடு போய் நின்றால்தான் வண்டி வரும்.